விளக்கு வைக்கும் இடம்
மேசைமேல் தெருவின் வரைபடம் விரிந்து கிடக்கிறது; காற்றில் பறந்துவிடாமல் நாலு மூலையிலும் நாலு தேநீர்க் கோப்பைகள். தொண்டு நிறுவனத்து அமைப்பாளர் மூன்று நாள் மெனக்கெட்டு வரைந்தது. அதை அவரே நாலு தடவை சொல்லிவிட்டார். கிடைக்கப்போவது ஒரே ஒரு விளக்குக் கம்பம். அதை வரைபடத்தில் கூட்ட அறை வாசலில், நிதி கொடுப்பவர்களின் பெயர்ப்பலகைக்கு நேர் மேலே நட்டுவைத்திருக்கிறார். "பேரு பளிச்சுன்னு தெரியும் மேடம்," என்று குழைகிறார். நிதி கொடுக்கிற அம்மாள் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறக்கிறார். தெருக்காரர்கள் பக்கமிருந்து தையற்கார அக்கா, கழுத்தில் தொங்கும் அளவு டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே எட்டிப் பார்க்கிறாள். "ஏன் தம்பி, பலகைக்கு இருட்டுன்னா பயமா?" அறையே கொல்லென்று சிரிக்கிறது. அமைப்பாளரும் சிரித்துவைக்கிறார், காது மடல் மட்டும் சிவந்துபோகிறது. "சரிக்கா, வேற எங்க வைக்கலாம்?" ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன அவள் விரல் வரைபடத்துத் தெருவின் வழியே நகர்ந்து, அமைப்பாளர் ஒன்றுமே குறிக்காமல் விட்ட ஒரு வளைவில் நிற்கிறது. "இங்க. ராத்திரி வேலை முடிஞ்சு வர்றப்போ என் பொண்ணு இங்கேருந்துதான் ஓட ஆரம்பிப்பா." சிரிப்பு பாதியில் நிற்கிறது. நிதி கொடுக்கிற அம்மாள் பேனாவை அமைப்பாளரிடம் நீட்டுகிறார். அவர் வாசலில் வரைந்த தன் அருமையான விளக்கைக் கோடு போட்டு அடிக்கிறார். பிறகு வளைவின்மேல் குனிந்து, "இங்கேயாக்கா, இன்னும் கொஞ்சம் முன்னாடியா?" என்று கேட்கிறார்.