ஈரச் சாக்கு

அம்மோனியா டேங்கர் வேகனின் உச்சியிலிருந்து இறங்கி வந்த பரிசோதகர், கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“மேல் வால்வு கசியுது சார். இந்த வேகன் போகாது.”

ரயில்வே யார்டு மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “என்னய்யா புதுசா? வழக்கம்போல ஈரச் சாக்கைச் சுத்தி அனுப்பு. நாத்தம் வெளிய தெரியாது. அடுத்த யார்டுல பாத்துக்குவாங்க.”

“அங்க மேல ஏறிச் சாக்கைப் பிரிக்கிற ஆளு மூஞ்சியிலதான் சார் அடிக்கும். கண்ணே போயிடும்.”

“எஞ்சின் மாட்டியாச்சு. இப்ப நிறுத்துனா மேலிடத்துல என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க.”

“விடட்டும் சார். கசிவு இருந்தா வேகனை அனுப்பக் கூடாதுன்னு விதி இருக்கு.”

“விதியா? போன வாரம் இதே மாதிரி ஒண்ணை அனுப்புனோமே, அப்ப அந்த விதி எங்க தூங்கிக்கிட்டு இருந்துச்சு? சாக்கைச் சுத்துனது யாரு, நீதானே?”

பரிசோதகர் கையுறையைக் கழற்றினார்.

“என்ன விஷயம்னு சொல்லித் தொலையேன்.”

“என் மக அந்த யார்டுல வேலைக்குச் சேர்ந்திருக்கா சார். வேகன் மேல ஏறிப் பாக்குற வேலை.”

மேலாளரின் குரல் இறங்கியது. “அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? நானும் பொண்ணைப் பெத்தவன்தான். வேகனைக் கழட்டி ஓரமா நிறுத்து. ரிப்பேருக்கு ஆள் வரச் சொல்றேன்.”

“ரிப்பேரு எதுக்கு சார், அது பெரிய வேலை,” என்றார் பரிசோதகர், தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் கிடந்த சாக்கை மடித்தபடி. “ஞாயித்துக்கிழமை அவளுக்கு லீவு. அன்னைக்கு அனுப்பிடலாம்.”