பெரட்டுச் சத்தம்

புதிதாக வந்த எம்.ஆர்.ஐ. குழாயின் வாயில் நவமணி மல்லாந்து படுத்திருக்கிறாள். மார்பில் வந்த புற்றுநோய் முதுகுத்தண்டின் உறைக்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான் ஜெராம் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து கோலாலம்பூருக்கு வந்திருக்கிறாள். முதலில் எடுத்த படம் கலங்கிப் போயிற்று. இயந்திரம் டங் டங்கென்று தட்டத் தொடங்கியதுமே அவளுடைய தோள்கள் தாமாக எழும்பிவிட்டன. விடியுமுன் ஆட்களைப் பேர் பதியும் பெரட்டுக்குக் கூப்பிட, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தண்டவாளத் துண்டில் அடிப்பாரே, அதே சத்தம். இருபத்தாறு வருஷமாக அதைக் கேட்டு எழுந்த உடம்பு வேறென்ன செய்யும்? படம் எடுக்கும் உமாபதி அவளது போர்வையைச் சரிசெய்கிறான். வெள்ளை விளக்கொளியில் அவள் விரலிடுக்குகளில் ரப்பர் பால்கறை கறுப்பாகத் தெரிகிறது.

“ஆன்ட்டி, இந்தத் தடவ ஆடக்கூடாது லா. அரை மணி நேரம்.”

“நீ போய் அடி தம்பி. இன்னைக்கி சீக்கு லீவுன்னு ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்.”

அவன் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துகிறான். படுக்கை மெல்ல உள்ளே நகர்கிறது. தலைமாட்டில் தண்டவாளம் முழங்குகிறது; ஒரு தடவை, பத்துத் தடவை, நூறு தடவை. நவமணி கண்ணை மூடிக்கொண்டு, எழுந்திருக்காமல் கிடக்கிறாள்.