மூன்று நாள் பாக்கி

"சாவியை மேசையில வைங்க, டோரீன்," என்றார் ரஸ்ஸல்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஐஸில் சறுக்கி விளையாடும் ரிங்க் ஓரத்தில், ஸ்கேட் மாட்டிக்கொள்ளும் மரக்கொட்டகைக்குள் எட்டுப் பேர் நெருக்கியடித்து நின்றிருந்தோம். எல்லோர் கையிலும் காபி இருந்தது. ஒருவரும் குடிக்கவில்லை.

ஜன்னல் வழியே ரிங்க் தெரிந்தது. டிசம்பரிலிருந்து எங்கள் தெருக்காரர்கள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சி, பனி தள்ளி உருவாக்கிய ஐஸ். சாலைப் பக்கத்து மூலையில் உழுது போட்ட மாதிரி கிடந்தது. ஸ்கேட் பிளேடு கீறிய கோடுகள் மண் வரைக்கும் இறங்கியிருந்தன.

மண் தெரிந்துவிட்டால் அவ்வளவுதான். கறுத்த இடத்தில் வெயில் பிடித்துக்கொள்ளும், சுற்றியிருக்கும் ஐஸையும் தின்றுகொண்டே போகும். பத்து மணிக்குள் பாதி ரிங்க் சொதசொதவென்று ஆகிவிட்டது.

இந்த வருடம் குளிர்காலம் பெயருக்குத்தான் வந்தது. முப்பது நாளாவது ரிங்க் ஓட வேண்டும், இல்லாவிட்டால் சுற்றுப் பலகைகளைக் கழற்றிக்கொண்டு போய்விடுவோம் என்று நகராட்சி எழுதியே கொடுத்துவிட்டது. இருபத்தேழு நாள் ஓட்டியாயிற்று. மூன்று நாள் பாக்கி. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் மைனஸ் ஒன்று, இரண்டு என்றுதான் இருக்கும் என்றது வானிலை அறிக்கை. இருக்கிற ஐஸைக் காப்பாற்ற அது போதும். புதிதாக உறைய வைக்கப் போதாது. அதற்கப்புறம் வெறும் மழை.

நேற்று சனிக்கிழமை, நாலு டிகிரிக்கு ஏறி ஐஸ் இளகிவிட்டது. அந்த மாதிரி நாளில் 'மூடியிருக்கிறது' பலகையை மாட்டிவிட்டு, ஒரு ஈ காக்கையைக்கூட ஐஸில் இறங்க விடக் கூடாது. நேற்றைய காவல் டோரீனுடையது.

"நேத்து என்னதான் ஆச்சு?" ரஸ்ஸல் கேட்டார்.

"பலகை மாட்ட மறந்துட்டேன்."

"நீங்களா மறந்தீங்க?" என்றாள் கெயில். "போன வாரம் என் புருஷன் ஷூ காலோட ஐஸ் ஓரமா நின்னதுக்கே மண்வாரியை எடுத்துக்கிட்டு விரட்டினீங்க. அன்னிக்கு மட்டும் நல்லா ஞாபகம் இருந்துச்சோ?"

"வயசாச்சு, கெயில்."

"யார் யார் இறங்கினாங்க?"

"பாக்கல. உள்ளே தூங்கிட்டேன்."

டோரீனுக்கு அறுபத்தெட்டு. வீட்டில் வேறு யாரும் கிடையாது. பத்தொன்பது வருடமாக இந்த ரிங்க்தான் அவருக்கு எல்லாம். நவம்பர் வந்தால்தான் டோரீன் சிரிப்பார் என்று நாங்கள் கேலி செய்வதுண்டு.

ரஸ்ஸலுக்குத் தாங்கவில்லை. அவர்தான் எங்கள் ரிங்க் கமிட்டித் தலைவர்.

"நேத்து காலையிலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் வீடு வீடா ஏறி இறங்கியிருக்கேன். ரிங்கை எடுக்காதீங்கன்னு முந்நூறு கையெழுத்து வாங்கியிருக்கேன். பச்சைத் தண்ணி குடிக்கல. நீங்க இங்க குறட்டை விட்டிருக்கீங்க. ஒரு வார்த்தை கொடுத்தா காப்பாத்தணும், டோரீன். பிள்ளைங்க நம்மளை நம்பித்தானே இருக்குங்க?"

டோரீன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"இவங்களைக் காவல் பொறுப்புலேர்ந்து எடுத்துடலாம்கிறவங்க கையைத் தூக்குங்க," என்றார் ரஸ்ஸல்.

ஏழு கை. அதில் ஒன்று என்னுடையது.

டோரீன் சாவியை வைத்துவிட்டு, கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் வெளியே போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே போனேன். பாழாய்ப்போன அந்த மூலையில் நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் அந்தக் கோடுகளை நான் கிட்டத்தில் பார்த்தேன். எல்லாம் ஒரே சின்ன வட்டம், திரும்பத் திரும்ப.

"இது கூட்டமா வந்து ஆடினது இல்ல. ஒரே ஆள் ஒரே இடத்துல சுத்தியிருக்கு. நீங்க தூங்கவும் இல்ல. யாரு டோரீன்?"

ஷூ நுனியால் அந்த வட்டத்தைத் தடவினார்.

"ஒரு பொண்ணு. ஒன்பது வயசு. அப்பாவும் அம்மாவும் பிரிஞ்சாச்சு. மாசத்துல ரெண்டு சனிக்கிழமை அப்பா முறை. ஒரு மணிக்கு வந்து கூட ஸ்கேட் பண்றேன்னு சொல்லியிருக்கான். அம்மாக்காரி இறக்கி விட்டுட்டுப் போயிட்டா. ஸ்கேட்டை மாட்டிக்கிட்டு உள்ளே பெஞ்சுல உக்காந்திருந்துச்சு. ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் எழுந்து நிக்கும், உக்காரும். மணி மூணாச்சு."

"அப்புறம்?"

"'ரோடு தெரியற மூலையில மட்டும் சுத்தட்டுமா, அப்பா வந்தா தெரியும்'னு கேட்டுச்சு. எனக்கு முடியாதுன்னு சொல்ல வாய் வரல. பலகையை நான்தான் கழட்டினேன்."

"வந்தானா?"

"இல்ல. அஞ்சு மணிக்கு அம்மாதான் வந்தா. 'அப்பா இப்பதான் போனார்'னு அவகிட்ட பொய் சொல்லிச்சு அந்தப் பொண்ணு. நானும் ஆமான்னேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உள்ளே சொல்லியிருக்கலாமே? அந்த மனுஷனை நாலு பேர் முன்னால நிக்க வெச்சுக் கேட்டிருப்போமே?"

"கேட்டா இன்னிக்கே அந்தப் பொண்ணு காதுக்குப் போயிடும். தன்னாலதான் ரிங்க் போச்சுன்னு அந்தக் குழந்தை ஆயுசுக்கும் தூக்கிச் சுமக்கணுமா?"

"ஒரு ஃபோனாவது போட்டு அவனை வரச் சொல்லியிருக்கலாம்ல?"

"போடவான்னு கேட்டேன்," என்றார் டோரீன். "'வேணாம், எங்கப்பாதான் இந்த ரிங்குக்கே தலைவர், அவருக்கு நிறைய வேலை இருக்கும்'னு சொல்லிடுச்சு."