கல் இல்லாத வயல்

திருவண்ணாமலை வட்டாரத்து நடுகற்களைப் படமும் இடமுமாக ஒரே இணையதளத்தில் சேர்த்துவந்த ஆய்வாளர் குழுவில் கஸ்தூரியும் அவள் கணவன் இளவரசனும் இருந்தார்கள். சில மாதங்களாக, தளத்தில் ஏற்றிய கற்கள் ஒவ்வொன்றாகத் திருடு போய்க்கொண்டிருந்தன.

“தளத்துல இடத்தை நம்ம குழு மட்டும்தான் பாக்க முடியும். குழுவுல இருக்கிற பிரசாத்தா இருக்குமோ?” என்றாள் கஸ்தூரி, காபியை நீட்டியபடி.

“எனக்கும் அவன் மேலதான் சந்தேகம். ஜாஸ்தி விசாரிக்கிறான்.” இளவரசன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“என்ன பண்றீங்க?”

“உன் தப்பைத் திருத்திட்டு இருக்கேன். கீழ்பென்னாத்தூர்ல ஒரு வயல்ல கல் புதைஞ்சிருக்குன்னு போட்டிருந்தியே, அங்க கல்லே இல்ல. ஒரு பொய்ப் பதிவு இருந்தா மத்த டேட்டாவ எவன் நம்புவான்?”

“மண்ணுக்கு அடியில கல் இல்லன்னு எப்படித் தெரியும்?”

“நாலடி தோண்டியும் ஒண்ணுமில்ல. அதையும் எழுதிட்டேன்.”

கஸ்தூரி எதிரே உட்கார்ந்தாள். “அங்க கல் இல்லன்னு எனக்கு முன்னாடியே தெரியும். யார் போய்த் தோண்டறாங்கன்னு பாக்கத்தான் போட்டேன்.”

இளவரசனின் விரல்கள் நின்றன. “அழிச்சிடறேன்” என்றான்.

“அழிச்சாலும் யார் எழுதினாங்க, யார் அழிச்சாங்கன்னு தளத்துல எல்லாருக்கும் தெரியும். அந்த ரூல் போட்டதே நீங்கதானே.”

அதற்குள் அவன் திருத்தத்தின் கீழே பிரசாத்தின் கேள்வி வந்திருந்தது: “சார், எப்போ தோண்டினீங்க?”