கீழ் வரியில் ஒரு பிராக்கெட்

"ஏளா ஜெப்ஸி, பிராக்கெட்டைக் கீழ் வரியில போடுன்னு எத்தன தடவ சொல்லுதது?"

சுந்தர்சிங் அண்ணன் அவள் எழுதிய கோடிங்கை மறுபடியும் திருப்பி அனுப்பிவிட்டார்.

துறைமுகத்துக் கன்டெய்னர்களுக்கு சாப்ட்வேர் எழுதும் சின்ன ஆபீஸ் அது. யார் எழுதினாலும் அண்ணன் பார்த்து "சரி" போட வேண்டும். அவர் கண்டுபிடிக்கும் குறையெல்லாம் இடைவெளியும் பிராக்கெட்டும்தான்; சாப்ட்வேர் ஓடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேலை நிரந்தரமாகிற நேரத்தில் பெயருக்கு நேராக இத்தனை குறை ஏறினால் ஜெப்ஸியின் வேலை நிலைக்குமா?

நேரே மேனேஜர் தேவகனியிடம் போய் நின்றாள்.

"மேடம், கோடிங்கை அதுவே ஒழுங்குபண்ணுத மாதிரி ஒரு டூல் செஞ்சிரட்டா?"

"எப்படிச் செய்வே?"

"ரெண்டு வழி இருக்கு. ஒரு கன்டெய்னர்னு வச்சுக்கிடுங்க, சரிஞ்ச மூட்டைய மட்டும் நிமித்தி வைக்கது ஒண்ணு. எல்லா மூட்டையையும் இறக்கி, ஒரே மாதிரி அடுக்கி ஏத்துதது இன்னொண்ணு."

"சரிஞ்சத நிமித்துனா போதும்," பக்கத்து மேஜையிலிருந்து சுந்தர்சிங் முந்திக்கொண்டார். "மிச்சத்த மனுசன் கண்ணுதான் பாக்கணும். எல்லாத்தையும் மெஷினே அடுக்கிட்டா நான் என்னத்துக்கு?"

"அதத்தான் அண்ணே நானும் யோசிக்கேன்," என்றாள் ஜெப்ஸி, சிரிக்காமல்.

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாவற்றையும் இறக்கி ஏற்றுகிற வழியே முடிவாயிற்று.

டூல் வந்தது. பட்டனைத் தட்டினால் யார் எழுதியதும் ஒரே அச்சு. அண்ணன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. "சரி", "சரி" என்று போட்டுக்கொண்டே இருந்தார்.

"இத்தன வருசமும் மனுசன் உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிச்சதே இல்ல போலிருக்கு," டீ குடிக்கும்போது ஜெப்ஸி சொல்ல, ஆபீசே சிரித்தது.

ஜெப்ஸிக்கு வேலை நிரந்தரமானது. அண்ணனை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். புதிதாகச் சேர்ந்த ஈவாஞ்சலினின் கோடிங்கைப் பார்க்கும் பொறுப்பு ஜெப்ஸியிடம் வந்தது.

திறந்தாள். மேலிருந்து கீழ்வரை சீராக இருந்தது. குறை சொல்ல ஓர் இடைவெளிகூட இல்லை. உள்ளே அந்தப் பெண் என்ன எழுதியிருக்கிறாள் என்பதுதான் பிடிபடவில்லை.

"என்ன ஜெப்ஸி, குறை ஒண்ணும் இல்லியா?" போகிறபோக்கில் மேடம் எட்டிப் பார்த்தார்.

"பாத்துட்டே இருக்கேன் மேடம்."

மேடம் தலை மறைந்ததும் ஈவாஞ்சலினின் மேஜைக்குப் போய்க் குனிந்தாள்.

"ஏளா ஈவா, நாளைலேருந்து அந்த டூலை ஆஃப் பண்ணிட்டு அனுப்பு. பிராக்கெட்டை நான் பாத்துச் சொல்லுதேன்."