ஆறாவது தாள்

அகதிகளின் குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் விண்ணப்பங்கள் ஏன் இத்தனை ஆண்டுகள் இழுபடுகின்றன என்று விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் முன்னால், சிவமலர் ஆறு தாள்களை வைத்தாள். முகாமில் தங்கையிடம் விட்டுவந்த மகள் ஆரணியின் பாதங்கள் அவை. ஒவ்வொரு வருடமும் தை மாதம் பிறந்ததும் தங்கை, ஆரணியின் காலைத் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புவாள். அந்த அளவுக்குச் சிவமலர் சப்பாத்து வாங்கி அனுப்புவாள்.

குழுவிலிருந்த வயதான அம்மையார் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோட்டுக்கு வெளியே கோடாக ஒரு பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது. பிறகு கடைசி இரண்டை மட்டும் உருவி மறுபடி பிடித்தார். மொழிபெயர்க்கும் பெண்ணிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டார்.

"போன வருசத்துக் காலும் இந்த வருசத்துக் காலும் ஒரே கோடாக் கிடக்காம் அக்கா," என்றாள் அந்தப் பெண். "சின்னவிரலடியில பென்சில் வழுக்கின இடங்கூட அப்பிடியே கிடக்காம். பிள்ளையோட கடைசியா எப்ப கதைச்சனீங்கள் எண்டு கேக்கிறா."

ஒரு வருடமாகத் தொலைபேசியில் எப்போது கூப்பிட்டாலும் பிள்ளை நித்திரை என்றுதான் தங்கை சொல்கிறாள். சிவமலர் தாளை வாங்கி அந்தச் சின்னவிரலைத் தடவினாள்.

"வளருற பிள்ளையெண்டு இந்த முறை ஒரு அளவு பெரிசாத்தான் வாங்கி அனுப்பினனான்," என்றாள். "அதையும் எழுதச் சொல்லுங்கோ."