எழுந்து போகாத ரசிகர்

"இதுல டிரம்ஸ் வாசிக்கறது யாரு?"

மொட்டைமாடிக் கொட்டகையின் வாசலில் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார் ஒரு மாமா. கிடார் வாசிக்கும் ஆசிஃபும் பாடகி அனுவும் ஒரு நொடிகூட யோசிக்காமல் மிக்கேலைக் கை காட்டினார்கள். ஆபத்து என்றால் நட்பெல்லாம் அவ்வளவுதான்.

"சத்தத்தைக் கம்மி பண்ணிக்கிறோம் சார்" என்று குச்சிகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான் மிக்கேல்.

"கம்மி பண்ணுவானேன்? என் பேரு அனந்தராமன். மயிலாப்பூர்ல குளத்துக்குப் பக்கத்துலதான் இருக்கேன். போன வாரம் அடையார்ல ஃப்ளாட்ஸ் ஆண்டு விழாவுல வாசிச்சது நீங்கதானே? வர்ற ஞாயித்துக்கிழமை எங்காத்துக்கு வந்து வாசிக்கணும்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'உப்புக்காத்து' ராக் பேண்டை ஒரு மனிதர் தேடி வந்து கூப்பிடுவது இதுதான் முதல் முறை. இதுவரை வாசித்ததெல்லாம் கெஞ்சி வாங்கிய மேடைகள்.

"ஏம்ப்பா, அன்னிக்கு டிரம்ஸை மட்டும் தனியா போட்டுத் தட்டினியே, அப்போ எத்தனை பேர் எழுந்து போனான்னு கவனிச்சியோ?" என்று கேட்டார் அனந்தராமன்.

மிக்கேலின் முகம் விழுந்துவிட்டது. சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் கேன்டீனுக்குக் கிளம்புகிற ஊர் இது. ராக் பேண்டுக்கு மட்டும் சலுகை காட்டுமா? கோடம்பாக்கத்தில் ஒரு ரிசப்ஷனில் மாப்பிள்ளையே எழுந்து சாப்பிடப் போய்விட்டார்.

"எல்லாரும் போய்ட்டாங்க சார்."

"நானுந்தான் போனேன். வாட்ச்மேன்கூட கேட்டை அப்படியே விட்டுட்டுப் போயிட்டான். அது எவ்வளவு நேரம் வாசிச்சே?"

"ஏழு நிமிஷம் சார்."

"எங்காத்துல முப்பது நிமிஷம் வாசிக்கணும். முடியுமோன்னோ?"

அவர் படியிறங்கிப் போன பிறகும் மிக்கேல் நின்ற இடத்திலேயே நின்றான். கண் கலங்கியிருந்தது.

"மச்சி, எந்திரிச்சுப் போன ஆளே திரும்பி வந்து கேக்குறாரு மச்சி!"

"ரொம்ப ஆடாதே. எனக்கென்னமோ இடிக்குது" என்றாள் அனு.

"இதான் எனக்குக் கடைசி தபா அனு. அந்த வூட்ல ஒரே ஒரு ஆளு பாதில எந்திரிச்சுப் போனாக்கூட டிரம்ஸை வித்துட்டு, எங்க மாமா ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போய்டுவேன். இது மாதா மேல சத்தியம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார் அனந்தராமன். ஊரே சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரம். கூடத்தில் வேட்டி பனியனோடு ஒரே ஒரு மனிதர் சோபாவில் சாய்ந்திருந்தார்.

"என் மச்சினர். இன்னிக்கு இவருக்காகத்தான் எல்லாம்" என்ற அனந்தராமன், இரண்டு ஸ்பீக்கர்களையும் தானே இழுத்து வந்து சோபாவுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தார். பிறகு தன் காதுகளில் பஞ்சை அடைத்துக்கொண்டார்.

"இன்னா சார் பஞ்சு?"

"தலைக்குக் குளிச்சேன். காதுல ஜலம் பூந்துடுத்து. நீ ஆரம்பி."

ஆரம்பித்தார்கள். ஷோகேஸ் பொம்மைகள் ஆடின. தெருநாய் ஒன்று தெருவையே காலி செய்தது. நான்காவது பாட்டு முடிந்ததும் ஆசிஃபும் அனுவும் ஒதுங்கிக்கொள்ள, மிக்கேலின் தனி தொடங்கியது.

அவன் டிரம்ஸைப் பார்க்கவே இல்லை. மச்சினரின் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு நிமிஷம் ஆயிற்று. பத்தும் ஆயிற்று. முழங்கால் அசையவில்லை.

பன்னிரண்டாவது நிமிஷம் மச்சினர் எழுந்தார்.

மிக்கேலுக்கு மூக்கில் ஐஸ் கம்பெனி வாசனையே வந்துவிட்டது. அனந்தராமன் பாய்ந்து போய் வாசல் கதவை விரியத் திறந்து வைத்தார்.

மச்சினரோ மிக்கேலுக்கு நேர் எதிரே வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தொடையில் தாளம் போடத் தொடங்கினார்!

அப்புறம் மிக்கேல் வாசித்தது வாசிப்பு. முப்பது நிமிஷம் நாற்பதாயிற்று. முடித்தபோது மச்சினர் ஓடிவந்து, வியர்வையைக்கூடப் பார்க்காமல் அவனைக் கட்டிக்கொண்டார்.

"அத்திம்பேர்! இந்தப் பசங்களை இத்தனை நாளா எங்கே ஒளிச்சு வெச்சிருந்தேள்? இதோ, காப்பி குடிச்சுட்டு வரேன். மறுபடியும் முதல்லேர்ந்து வாசிக்கட்டும்!" என்று உள்ளே ஓடினார்.

மிக்கேல் அழுதே விட்டான். பிறந்ததிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அனந்தராமனிடம் போனான். அவர் திறந்த கதவைப் பிடித்தபடி இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"சார், பாத்தீங்களா? ஒருத்தர்கூட எந்திரிச்சுப் போகல!"

அனந்தராமன் காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கி எறிந்தார்.

"அடப்பாவி, டிசம்பர் சீசனுக்குக் கச்சேரி கேக்கறேன்னு வந்து, பங்குனி பொறந்தும் ஊருக்குக் கிளம்பாதவன்டா அவன்! உன் சத்தத்துக்காவது எழுந்து போவான்னு கூட்டிண்டு வந்தா, அடுத்த சீசன் வரைக்கும் நகர மாட்டான் போலிருக்கே!"